சீமை லேபுக்கு நான் கொண்டுபோன நரம்புச்சிலந்தி

1. கொப்புளம்

நான் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலை, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தபோது இடது கணுக்காலில் நெருப்புத் துண்டை வைத்ததுபோல் எரிந்தது. புது பூட்ஸ் கடித்திருக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் தனியாக ஓர் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, சாக்ஸை இறக்கிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். அதற்குக் கீழே, தோலுக்கடியில் வெள்ளை நூல் சுருண்டு கிடப்பதுபோல் ஒரு தடம்.

திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நரம்புச்சிலந்தி. படிக்கிணற்றுத் தண்ணீரோடு உடம்புக்குள் போய், ஒரு வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்து, பிறகு காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற புழு. இரண்டு முழ நீளம்கூட இருக்கும். எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தக் காலத்துக் கோடையில், வீட்டுக்கு ஒருவராவது காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கிடப்பார்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் என் அக்கா நல்லம்மாள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அந்த ஊருக்குக் குடிதண்ணீர் ஒரே ஒரு படிக்கிணறுதான். நான் டாக்டருக்குப் படித்தவன். அந்தப் புழு எப்படி வருகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன். இருந்தும் அக்கா செம்பில் மொண்டு கொடுத்த தண்ணீரை, "வடிகட்டிக் கொடு" என்று கேட்க வாய் வரவில்லை. குடித்தேன். அது என்னோடு கப்பலேறிச் சீமைக்கு வந்துவிட்டது.

இதில் வேடிக்கை, நான் ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு போயிருந்ததே புழுநோய்களை ஆராயும் லேபுக்குத்தான். அங்கே அலமாரி நிறைய ஜாடிகளில் புழுக்கள் ஸ்பிரிட்டில் மிதந்தன. நரம்புச்சிலந்தியும் ஒரு ஜாடியில் இருந்தது. உயிரோடு அதைப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் டைரக்டர் ஒருவர்தான்.

அவரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சேர்ந்த முதல் நாள் அவர் சொன்ன விதி காதில் நின்றது. அவர் பேசியது இங்கிலீஷ். நினைவில் இருப்பதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"உடம்புக்கு எது வந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும். தொத்து நோயோட யாரும் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், பிறகு ஊருக்கு அனுப்புவார்கள் என்று பயந்தேன். அதைவிடப் பெரிது வெட்கம். ஊரில் அத்தனை பேரும் வந்து வழியனுப்பினார்கள். அந்த ஊர்க் கிணற்றுப் புழுவோடு திரும்பிப் போய் நிற்பதா?

2. வாளி

மூன்றாம் நாள் எரிச்சல் தாங்க முடியவில்லை. பூட்ஸுக்குள் காலை வைத்திருப்பதே தண்டனையாக இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். தண்ணீர்த் தொட்டிகள் இருந்த அறைக்குள் போனேன். அங்கே ஒரு வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தது. யோசிக்காமல் காலை உள்ளே விட்டேன்.

அந்தச் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. கொப்புளம் உடைந்தது. புழுவின் நுனி வெளியே தலைகாட்டியது. பால் சிந்தியதுபோல் தண்ணீர் லேசாகக் கலங்கியது. அது புழு தண்ணீரில் விட்ட குஞ்சுகள். ஆயிரக்கணக்கில் இருக்கும். இதுவும் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததுதான். வாளியைக் கழிவுநீர்க் குழியில் கொட்டிவிட வேண்டும் என்று எழுந்தபோது நடையில் காலடிச் சத்தம் கேட்டது. காலைத் துடைத்து, சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அரை மணி கழித்துத் திரும்பிப் போனேன். வாளி காலியாக இருந்தது. யாரோ அந்தத் தண்ணீரை எடுத்துத் தொட்டிகளில் ஊற்றிவிட்டார்கள்.

ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்த புழுவின் நுனியை ஒரு தீக்குச்சியில் சுற்றிக் கட்டி, மேலே துணி வைத்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நானே சுற்றினேன். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

3. ஈடித்தின் தொட்டிகள்

அந்தத் தொட்டிகள் ஈடித் என்ற டெக்னீஷியனுடையவை. என் வயதுதான் இருக்கும். பதினான்கு வயதில் அந்த லேபில் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டு டெக்னீஷியன் ஆனவர். நான் சேர்ந்த புதிதில் ஸ்லைடுக்காகத் திசுவை மெல்லிசாகச் சீவி செக்‌ஷன் வெட்டத் தெரியாமல் கையை வெட்டிக்கொண்டபோது, சிரிக்காமல் கட்டுப்போட்டுவிட்டு, கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டியவர் அவர்தான்.

தொட்டிகளில் அவர் சைக்ளாப்ஸ் வளர்த்தார். அது தண்ணீரில் வாழும் பூச்சி. எள்ளின் முனையளவுதான் இருக்கும். கூர்ந்து பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளி துள்ளுவதுபோல் தெரியும். மீனிலிருந்து மனிதனுக்கு வருகிற ஒரு நாடாப்புழுவின் குஞ்சு முதலில் இந்தப் பூச்சிக்குள்தான் வளர்கிறது. அதை நாளுக்கு நாள் பார்த்துக் குறிக்கும் வேலையை டைரக்டர் ஈடித்திடம் கொடுத்திருந்தார். மூன்று மாத வேலை முடிகிற தறுவாயில் இருந்தது.

வாளி விஷயம் நடந்து ஐந்தாறு நாள் இருக்கும். ஈடித் என் மேஜைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"டாக்டர், கொஞ்சம் வந்து பாருங்க. சைக்ளாப்ஸுக்குள்ள வேற ஏதோ புழு இருக்கு. நான் போட்டது இல்லை. எனக்கு என் கண்ணு மேலேயே சந்தேகமா இருக்கு."

அவருடைய மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கண்ணாடி போன்ற பூச்சியின் உடம்புக்குள், வாலை நீட்டிச் சுருண்டு, ஒரு குஞ்சு அசைந்தது. படத்தில் பார்த்ததை உயிரோடு பார்க்கிறேன். என் காலிலிருந்து வந்தது அது. நரம்புச்சிலந்தியின் குஞ்சும் இதே பூச்சிக்குள் வளர்ந்துதான், தண்ணீரோடு அதைக் குடிக்கிறவர் உடம்புக்குள் போகிறது.

"என்னது டாக்டர் அது?"

"தெரியலை" என்றேன்.

என் உத்தியோகத்தில் எத்தனையோ ரிப்போர்ட் தப்பாக எழுதியிருக்கிறேன். தெரியாமல் எழுதியவை அவை. தெரிந்தே சொன்ன ஒரே பொய் ரிப்போர்ட் இந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் டைரக்டர் தொட்டிகளைப் பார்க்க வந்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது.

"மூணு மாசம், மிஸ். மூணு மாசம்! தொட்டியைக் கழுவாம விட்டீங்களா?"

"எல்லாத்தையும் கழுவினேன் சார். என் கையால கழுவினேன்."

"அப்ப இந்தப் புழு வானத்துலேருந்து குதிச்சுதா? எல்லாத்தையும் கொட்டிடுங்க. திங்கட்கிழமையிலேருந்து நீங்க பாட்டில் கழுவுற அறைக்கே போயிடுங்க. கவனம் இல்லாத கைக்கு அந்த வேலைதான் சரி."

டைரக்டர் போன பிறகு, ஈடித் ஒவ்வொரு தொட்டியாக வெந்நீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு தொட்டி முடித்ததும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே அழுக்கு தங்கியிருக்கும் என்று தேடினார். இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

என்னால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "கடைசித் தொட்டியைக் கொட்டாதீங்க. என்னோட வாங்க" என்றேன். இருவரும் டைரக்டர் அறைக்குப் போனோம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொப்புளம், வாளி, "தெரியலை" என்று சொன்னது வரைக்கும்.

டைரக்டர் மேஜையைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார். பிறகு, "சாக்ஸைக் கழட்டுங்க" என்றார். குனிந்து பார்த்தார். தீக்குச்சியில் சுற்றியிருந்த புழுவைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பத்து நாளாச்சு சார்."

அவர் முதலில் என் பக்கம் திரும்பவில்லை. ஈடித்தைப் பார்த்து, "மிஸ், நான் சொன்னது அநியாயம். அதைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றார். அதன்பிறகுதான் என்னிடம், "நீங்க நோயை மறைச்சதை நான் மன்னிச்சுடறேன். பயந்துட்டீங்க. ஆனா அவங்க கேட்டப்ப தெரியலைன்னு சொன்னீங்களே, அதை மன்னிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. அவங்களுக்குத்தான் இருக்கு" என்றார்.

4. ஒரு எனாமல் பேசின்

அன்று முழுக்க ஈடித் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

மறுநாள் காலை லேபுக்குப் போனபோது என் மேஜைக்குக் கீழே ஒரு வெள்ளை எனாமல் பேசின், வெதுவெதுப்பான தண்ணீர், மடித்த துண்டு. பேசினில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. லேபில் ஆசிட் பாட்டிலுக்கு எழுதுகிற அதே சிவப்பு மையில், பெரிய எழுத்தில்: "டாக்டரின் காலுக்கு மட்டும். வேறு எதற்கும் அல்ல."

சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். ஈடித் தன் மைக்ராஸ்கோப்பை விட்டுத் திரும்பாமலே, "காலை உள்ள விடுங்க. தண்ணி ஆறிடும்" என்றார்.

என்னை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை. தண்ணீரும் அந்தப் பூச்சியும் நடுவில் இல்லாமல் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்று டைரக்டரே எல்லோருக்கும் விளக்கினார். தினமும் காலையில் ஈடித் ஒரு மரக்குச்சியில் புழுவைச் சுற்றுவார். நான் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்ப் பக்குவத்தைச் சொல்வேன்.

"இழுக்காதீங்க. அதுவா விட்டாத்தான் சுத்தணும். அறுந்துச்சுன்னா கால் சீழ் பிடிச்சுடும்."

"இதை உங்களுக்கு யார் கத்துக்குடுத்தாங்க? மெடிக்கல் காலேஜா?"

"எங்க அக்கா."

பேசின் தண்ணீரை அவர் கொட்டவில்லை. அதிலிருந்து குஞ்சுகளை எடுத்துப் புதுச் சைக்ளாப்ஸுக்குக் கொடுத்தார். பூச்சி குஞ்சை விழுங்குவதையும், அது உள்ளே வளர்வதையும் நாள் தவறாமல் இருவரும் படம் வரைந்தோம். ஒரு நாள் காலையில் குச்சியைச் சுற்றிக்கொண்டே அவர் கேட்டார்.

"உங்க ஊர்ல கால்ல புழு இருக்கறவங்க குடிக்கிற கிணத்துல ஏன் இறங்கறாங்க?"

"எரியுது. அதான்."

"அப்ப அவங்களுக்கும் தனியா ஒரு பேசின் குடுத்துட வேண்டியதுதானே?"

எங்கள் ஜில்லாவில் எத்தனை டாக்டர்கள், எத்தனை சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள் ஊர் ஊராகப் போய், "கிணத்துல இறங்காதே" என்று அதட்டினார்கள்! எரிகிற காலை எங்கே வைப்பது என்று யாரும் சொன்னதில்லை. நானும்தான்.

பத்தொன்பது நாளில் புழு முழுசாக வெளியே வந்தது. அதை ஜாடியில் போட்டு, "சேலம் ஜில்லா" என்று ஈடித் எழுதி ஒட்டினார். எங்கள் படங்களை வைத்து டைரக்டர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஈடித் பெயர் முதலில் வர வேண்டும் என்று கேட்டேன்.

"டெக்னீஷியன் பேரைப் போடற வழக்கம் இல்லையே" என்றார் டைரக்டர்.

"ஸ்டூடண்டே நோயாளியா இருக்கற வழக்கமும் இல்லையே சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஈடித் பெயர் முதலில் அச்சாகி வந்தது. அச்சுப் பிரதியைக் கையில் வாங்கியவர் தன் பெயரை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு நான் செய்த அநியாயத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் என்னால் முடிந்தது அதுதான்.

5. மச்சானின் கால்

இரண்டாம் உலகச் சண்டை மூள்வதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டேன். சேலத்தில் சர்க்கார் லேபில் வேலை கிடைத்தது. முதல் லீவில் அக்கா ஊருக்குப் போனேன்.

"வந்துட்டியா சாமி! எளைச்சுப் போயிட்டியே. உள்ள வா" என்றாள் அக்கா.

"மச்சான் எங்கக்கா?"

"கெணத்துல இருக்காரு. கால்ல மூணு எடத்துல வந்துருச்சு. இந்த வருசம் ஏர் பூட்டலை."

கிணற்றடிக்குப் போனேன். மச்சான் சின்னப்பன் கடைசிப் படியில் உட்கார்ந்து, முழங்கால் வரைக்கும் தண்ணீரில் விட்டிருந்தார். அதே தண்ணீரில் நாலு படி தள்ளி ஒரு பெண் குடத்தை அமுக்கி நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"மேல வாங்க மச்சான்."

"செத்த இருங்க மாப்ள, வாரேன். எரிச்சல்ல உசுரு போவுது. தண்ணிக்குள்ள வெச்சாத்தான் கொஞ்சம் தேவலாம்."

இரண்டு வருஷம் முன்னால் என்றால் கோபப்பட்டிருப்பேன். இப்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் வேட்டியைத் தூக்கிக் கணுக்கால் தழும்பைக் காட்டினேன்.

"நீங்க செய்யறதைத்தான் மச்சான் நானும் சீமையில செஞ்சேன். அடுத்தவங்க தண்ணில காலை வெச்சு, ஒரு பொம்பளை வேலை போற அளவுக்கு ஆயிருச்சு."

அவர் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குமா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, மெதுவாகக் காலை வெளியே எடுத்தார்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பழைய கல்தொட்டி ஒன்று அவர் களத்தில் கிடந்தது. அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, கிணற்றிலிருந்து தள்ளி மேட்டு மணலில் வைத்தோம். காலில் புழு இருக்கிறவர்கள் அதில் காலை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் முறைபோட்டு ஊற்றுவார்கள். தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் மணலிலேயே வற்றிவிடும்.

அடுத்தது வடிகட்டுவது. எந்தத் துணி சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஜலகண்டாபுரத்தில் மாரியப்பன் என்ற நெசவாளியைப் போய்ப் பார்த்தேன். புதுத்துணியை எடுத்து நீட்டினேன்.

"இது வேண்டாமுங்க" என்றார். "கஞ்சி இருக்குது. தண்ணி எறங்கறதுக்குள்ள பொம்பளைக பொறுமை போயிரும். பத்துத் தண்ணி பாத்த துணியா எடுங்க. இழை ஒண்ணோட ஒண்ணு நெருங்கி இருக்குமுங்க."

அவர் கொடுத்த துணிகளை லேபில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அவர் சொன்னதே சரி. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடித்தால் ஒரு சைக்ளாப்ஸ்கூடக் கீழே போகவில்லை.

கிணற்றடியில் பெண்களைக் கூட்டி வடித்துக் காட்டினேன். ஒரு வயதான அம்மா விடவில்லை.

"ஏனுங்க டாக்டரு, எங்க பாட்டன் பூட்டங்காலத்துல இருந்து இந்தத் தண்ணிதானுங்க குடிக்கிறோம். இப்ப வந்து பூச்சிங்கறீங்க?"

நான் வாதம் பண்ணவில்லை. துணியைத் திருப்பி ஒரு கண்ணாடி டம்ளரில் அலசி, வெயிலுக்கு நேரே பிடித்து, அவர் கையில் கொடுத்தேன்.

"அய்யோ சாமி, துள்ளுதுங்க!" என்று டம்ளரைக் கீழே விடப் பார்த்தார். பிறகு அது கை மாறிக் கை மாறி ஊர் முழுக்கப் போய்விட்டு வந்தது.

6. இரண்டு கோடை

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த கோடையில் ஏழெட்டுப் பேர் காலில் மறுபடியும் புழு வந்தது. ஊர் எனக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது. வருஷம் முழுக்க வடிகட்டியும் வந்துவிட்டதே, டாக்டர் சொன்னது பொய் என்றார்கள். சிலர் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நான் சேலத்திலிருந்து வருவதற்குள் அக்கா கிணற்றடியில் நின்று சண்டை போட்டிருக்கிறாள்.

அவள் கேட்ட கேள்வியை மச்சான் பிறகு எனக்குச் சொன்னார்: "எந்தம்பி இந்தத் தண்ணியக் குடிச்சது நம்மூட்டுல. புழு வந்தது கடலுக்கு அந்தாண்ட. நடுவுல எத்தன மாசம்? ஒரு வருசத்துக்குக் கிட்ட! இப்ப உங்க கால்ல வந்துருக்கறது துணி கட்டறதுக்கு முந்தி குடிச்ச தண்ணி. புரியுதா இல்லையா? பேசாம வடிகட்டுங்க."

பள்ளிக்கூடம் போகாத என் அக்கா, என் காலையே சாட்சியாக வைத்து, நான் ஒரு லெக்சரில் சொல்லியிருக்க வேண்டியதை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். துணிகள் மறுபடி குட வாய்க்கு ஏறின.

அதற்கடுத்த கோடையில் கட்டுத்துணி, மருந்து, குச்சிகள் எல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன். வீட்டில் மச்சான் இல்லை. ஏர் ஓட்டப் போயிருந்தார். அக்கா என் பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதை எதுக்குச் சாமி தூக்கிட்டு வந்தே? தொட்டில மாடு தண்ணி குடிக்குது. மனுசக்கால் வெக்கறதுக்கு ஆளில்லை."

கல்தொட்டியடிக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒரு செவலைப் பசு குடித்துவிட்டுத் தலையை உதறியது. கிணற்றுப் படியில் வரிசையாகப் பெண்கள். ஒவ்வொரு குடத்தின் வாயிலும் மடித்த துணி. அங்கேயே உட்கார்ந்து ஈடித்துக்குக் கடிதம் எழுதினேன். சண்டைக் காலம் என்பதால் பதில் வர மாதங்கள் ஆயின. "தொட்டிக்கு லேபிள் ஒட்டினீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

இப்போது லேபில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதற்கு இரண்டுதான் இருக்கிறது. உங்கள் கையால் தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாத ஒவ்வொரு நாளும் அதை வேறு யாரோ சுமக்கிறார்கள். இன்னொன்று, எரிச்சலோடு வருகிறவனிடம் எங்கே இறங்கக் கூடாது என்று சொல்வதற்கு முன்னால், அவன் காலை எங்கே வைக்கலாம் என்று காட்டுங்கள். எனக்கு அதைக் காட்டியவர்களுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.